படுகளத்தை வானத்திலிருந்தே எடுக்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் பாரத விழா முடிந்த கையோடு, பீமன் துரியோதனனை வீழ்த்தும் கூத்துக் கட்டமான படுகளத்தின் வீடியோக்கள் செல்போன்களில் வலம் வருகின்றன. எடுக்கும் பிள்ளைகளின் ஆர்வத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் முக்கால்வாசி ட்ரோன் காட்சியாகவே இருக்கிறது.

மல்லாந்து கிடக்கும் மண் துரியோதனன் ஆளைவிடப் பல மடங்கு பெரியவன். 200 அடி உயரத்திலிருந்து நேர் கீழே பார்த்தால் அவன் வெறும் பொம்மை, பயம் வராது. கேமராவை அவன் கால்மாட்டில் ஒன்றரை அடி உயரத்தில் வைத்து, பக்கத்தில் பீமன் வேடக்காரரையும் சேர்த்து எடுத்தால் கண் தானாக அளவைப் பிடித்துக்கொள்ளும். களமும் கூட்டமும் தெரிய தொடக்கத்தில் ஐந்து விநாடி ட்ரோன் போதும். அதில் கூத்தின் ஊதுகுழலான முகவீணையும் கேட்காது.

கீழிருந்து எடுக்கும் லோ ஆங்கிள் என்றால் கம்பீரம், மேலிருந்து எடுக்கும் டாப் ஆங்கிள் என்றால் பரிதாபம் என்பது பாதி உண்மை. கேமராவின் உயரம் வேறு, சாய்வு வேறு. ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு கேமராவை மிகத் தாழ்வாக வைப்பார். ஆனால் அதைப் பெரிதாக அண்ணாத்த, அதாவது மேல்நோக்கிச் சாய்க்க, மாட்டார். அதனால் பாத்திரங்கள் நாயகர்களாக உயர்வதில்லை, நாம் அவர்களோடு பாயில் உட்கார்ந்துவிடுகிறோம். தரையில் அமர்ந்து பார்க்கிற நம் கூத்துக்கும் இரண்டரை அடி உயரம், சாய்க்காத கேமரா நன்றாகப் பொருந்தும். கதை ஓங்கும் இடத்தில் மட்டும் அண்ணாத்தலாம். அப்போது பின்னால் வெறும் வானம் வரும், செல்போன் அந்த வெளிச்சத்துக்கு அளவெடுத்து முகத்தைக் கருப்பாக்கிவிடும். திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு எடுக்க வேண்டும். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும்.

திரௌபதி கூந்தல் முடிக்கும் கட்டத்துக்குக் குளோசப்தான் உயிர். அதற்காகப் போனை முகத்தருகே ஒன்றரை அடிக்குக் கொண்டுபோனால் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கி, அழுகை கேலியாகிவிடும். குற்றம் லென்ஸில் இல்லை, தூரத்தில். ஆறடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். அவள் கூந்தலை முடிந்து முடிக்கும்வரை கட் செய்யாதீர்கள்.

பீமனும் துரியோதனனும் மோதும்போது இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டின் ஒரே பக்கத்தில் கேமரா நிற்பது பாடம். ஆனால் இங்கே அவர்கள் மண் உருவத்தைச் சுற்றி ஓடுகிறார்கள், கோடும் கூடவே சுழல்கிறது. கேமரா கோட்டின் மறுபக்கம் போனதும் அந்தக் காட்சியை முந்தையதோடு நேராக ஒட்டினால் துரத்துபவன் யார், ஓடுபவன் யார் என்றே குழம்பும். நடுவே கூட்டத்தின் முகங்களை இரண்டு விநாடி வையுங்கள், அல்லது கோட்டைக் கடப்பதையே வெட்டாமல் காட்டுங்கள்.

விழாக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். காலை வெயில் கேமராவின் முதுகில் விழும் பக்கமாக ஆறடிக்கு ஆறடி இடத்தைக் கயிறு கட்டி ஒதுக்குங்கள். எடுப்பவர்கள் கூத்துக்காரர்களின் காலடியில் புகுந்து திரிவது நிற்கும்.

இப்படிக்கு,
வீடியோ ஒளிப்பதிவாளர்கள் சிலர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.