பனங்கட்டி போட்ட பார்பிகியூ சோஸ்

யாழ்ப்பாணம்

அன்புள்ள பிள்ளைக்கு,

நீங்கள் பின்வளவில் கோழி வாட்டிய வீடியோவை அம்மா அயலட்டைக்கெல்லாம் காட்டி முடித்துவிட்டா. இறைச்சி நல்ல பதம். ஆனால் கடைச் சோஸ் சரியான இனிப்பு என்று மருமகன் முகம் சுளித்ததையும், நீ அதற்கு மேல் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டதையும் பார்த்தேன். இனிப்பை உறைப்பு அடக்காது, பிள்ளை. அதை அடக்குவது புளி.

பேசாமல் வீட்டில் காய்ச்சு. இதற்கு ஒரே முறை என்று ஒன்றும் கிடையாது. அமெரிக்காவிலேயே கன்சாஸ் சிற்றியில் தக்காளியும், சீனி காய்ச்சும்போது மிஞ்சுகிற கறுப்புப் பாகான மொலாசஸும் போட்டுத் தடிப்பாகக் காய்ச்சுவார்கள். வட கரோலினாவின் கிழக்குப் பக்கம் வினாகிரியும் மிளகாயும்தான், தக்காளிக்கு இடமே இல்லை. தென் கரோலினாவில் கடுகு, அலபாமாவில் மயோனைஸ் கலந்த வெள்ளைச் சோஸ். பழப்புளி போட்டால் பிழையோ என்றும் யோசிக்காதே. பலர் இதற்குள் ஊற்றுகிற வூஸ்டர் சோஸில் பழப்புளியும் இருக்கிறது, நெத்தலிக்குச் சொந்தக்கார மீனும் இருக்கிறது.

ஒரு கிலோ பழுத்த தக்காளி, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஆறு பல்லு உள்ளி எடு. மூன்றையும் தணலில் தோல் கருகச் சுடு. புகை மணம் இதிலிருந்துதான் வர வேண்டும். போத்தலில் விற்கிற புகைச்சாறு எனக்குப் பிடிப்பதில்லை, மருந்து மணக்கும். உரித்த பிறகு கருகிய தோலில் கொஞ்சம் ஒட்டியிருந்தால் இருக்கட்டும். அரைத்து, வடித்து, தாச்சியில் ஊற்று. 150 கிராம் பனங்கட்டி, தேசிக்காய் அளவு பழப்புளியின் கரைசல், நாலு மேசைக்கரண்டி வினாகிரி, உப்பு, மிளகு சேர்த்து மெல்லிய நெருப்பில் வை. சீனி வெறும் இனிப்புத்தான். பனங்கட்டியில் ஒரு சின்னக் கசப்பும் உப்புச் சாயலும் இருப்பதால் மொலாசஸ் செய்கிற வேலையை அது செய்துவிடும்.

முதலில் சின்னக் கொப்புளங்கள் அவசரமாக வெடிக்கும். தடிக்கத் தடிக்கப் பெரிய குமிழாக எழும்பி, பொளக்கென்று கையில் தெறிக்கும், கவனம். நீளக் காம்பு அகப்பையால் துழாவு. அகப்பையின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். முக்கால் மணித்தியாலம் போகும். ஆறினால் இன்னும் இறுகும் என்பதால் கொஞ்சம் இளகலாகவே இறக்கு. எங்கள் கறித்தூளை அரைத் தேக்கரண்டிக்கு மேல் போடாதே, அதையும் இறக்கப் போகும்போது போடு. கூடினால் அது கறிதான், சோஸ் இல்லை.

செத்தல் மிளகாயைச் சோஸோடு சேர்த்து அரைக்க வேண்டாம். தணலில் லேசாகக் காட்டி, கறுக்க விடாமல் எடுத்துத் தனியாக அரைத்து வை. பேரனின் பங்கை முதலில் எடுத்துவிட்டு, மிச்சத்தில் உங்களுக்கு வேண்டிய அளவு கலக்கலாம்.

ருசி பார்ப்பதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். கொதிக்கிறதை நக்கிப் பார்த்து முடிவெடுக்காதே, சூட்டில் நாக்குக்கு ஒன்றும் பிடிபடாது. ஒரு கரண்டியைப் பீங்கானில் விட்டு ஆறவைத்து, இறைச்சித் துண்டில் தொட்டுப் பார். வெறும் சோஸ் எப்போதும் கொஞ்சம் தூக்கலாகத்தான் தெரியும். இனிப்புக் கூடினால் ஒரு தேக்கரண்டி வினாகிரி விடு. புளி கூடினால் பனங்கட்டி. இரண்டும் சரியாக இருந்தும் சப்பென்று இருந்தால் உப்புப் போதவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, அப்போதுதான் எது செய்த வேலை என்று தெரியும். அம்மாவுக்குப் புளி தூக்க வேண்டும், எனக்கு மிளகு. உங்கள் வீட்டுக்கு எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கோழியை அடுப்பில் வைத்தவுடனேயே பூசிவிடாதே. வீடியோவில் அப்படித்தான் செய்தீர்கள், அதுதான் வெளியே கறுத்திருந்தது. இனிப்புள்ளது உள்ளே வேகுமுன் கருகிவிடும். கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு தரம் பூசினால் போதும். பூசுகிறதை ஒரு கோப்பையில் தனியாக எடு. பச்சை இறைச்சியில் பட்ட தூரிகையைப் போத்தலுக்குள் விடாதே. கொதிநீரில் கழுவிக் காயவைத்த போத்தலில் ஊற்றி பிரிஜ்ஜில் வைத்தால் இரண்டு கிழமைக்கு நிற்கும்.

மாமி ஆவணியில் அங்கே வருகிறா. இங்கே எங்கள் திருநெல்வேலிச் சந்தையில் நல்ல பனங்கட்டி வந்திருக்கிறது. எத்தனை ஓலைக் குட்டான் கொடுத்துவிட வேண்டும் என்று சனிக்கிழமைக்குள் சொல்லு, அவவின் பெட்டி இப்போதே நிறைகிறது.

அன்புடன்,
அப்பா