இரும்புச்சத்து மருந்து பாட்டில் வந்தது, விவரம் வரவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

வியாசர்பாடியில் என் பேரனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டரை வயது. மகளும் மருமகனும் காலை எட்டுக்கெல்லாம் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளை பார்க்கக் கொழுகொழுவென்றுதான் இருப்பான். அதனால் அவன் சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றபோது வயிற்றில் பூச்சி என்றும், விளையாடப் போகாமல் மடியிலேயே சுருண்டு கிடந்தபோது சமர்த்து என்றும் நினைத்துக்கொண்டேன். ஏப்ரலில் காய்ச்சலுக்காகப் போன இடத்தில் டாக்டர் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 7.9. இந்த வயதில் 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகையாம்.

என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார். நாளைக்கு நாலு ஃபீடர் பால், டீயில் தோய்த்த பொறை என்று பெருமையாகவே சொன்னேன். அந்தப் பால்தான் வயிற்றை அடைத்துச் சோறு இறங்கவிடாமல் செய்திருக்கிறது. பாலில் இரும்புச்சத்து பேருக்குத்தான் உண்டு. டீயோ, சாப்பாட்டில் இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாது. சரி, அது என் தப்பு.

ஆனால் பால்வாடியில் கொடுத்த இரும்புச்சத்து சிரப் எட்டு மாதமாக எங்கள் ஃபிரிட்ஜ் மேலேயே இருந்ததே, அதற்கு யாரைக் கேட்பது? இரண்டு தடவை கொடுத்தேன். மலம் கறுப்பாகப் போனது. பயந்து மூடி வைத்துவிட்டேன். இந்த மருந்துக்கு அப்படித்தான் போகும், கெடுதல் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பால்வாடி டீச்சரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சமையலைக் கவனிப்பது, எடை பார்ப்பது, ரிஜிஸ்டர் எழுதுவது எல்லாம் அவர் தலையில்தான். எங்கள் சந்திலேயே விசாரித்தேன். இன்னும் மூன்று வீட்டில் பாட்டில் சீல் உடைக்காமல் இருக்கிறது.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வாரம் இரண்டு நாள், தடவைக்கு 1 மில்லி என்று 2018-லேயே திட்டம் வந்துவிட்டது. ஆனால் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் குழந்தைகளின் ரத்தசோகை 2015-16-இல் 50.7 சதவீதம், 2019-21-இல் 57.4. மகள் போனில் காட்டினாள். குறைய வேண்டியது ஏறியிருக்கிறது.

சுகாதாரத் துறையை ஒன்று கேட்கிறேன். எந்தெந்தக் கிழமை கொடுக்க வேண்டும், மலம் கறுக்கும், டீயோடும் பாலோடும் கொடுக்கக் கூடாது. இவ்வளவையும் பாட்டில் மேல் என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெரிய தமிழ் எழுத்தில் அச்சடியுங்கள். தாய்மார் கூட்டத்துக்குப் பாட்டிகளையும் கூப்பிடுங்கள். பகலில் பிள்ளைக்கு ஊட்டுவது நாங்கள்தானே.

இப்போது டாக்டர் சொன்னபடி தினமும் மருந்து, பூச்சி மாத்திரையும் கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சொல்லிவைத்துச் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கி மிளகு போட்டு வதக்கித் தருகிறேன். ஃபீடரைத் தூக்கிப் போட்டதற்கு நாலு நாள் அழுதான். போன வாரம் பார்த்ததில் 10.2.

இப்படிக்கு,
ஒரு பாட்டி,
வியாசர்பாடி, சென்னை.