பிள்ளையைப் பற்றி ஒரு தாள் எழுதித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 1 அனுமதிக்கு விண்ணப்பம் போடுகிற காலம் வந்தாலே யாழ்ப்பாணத்தில் ஒரு பதற்றம் தொடங்கிவிடும். எந்தப் பாடசாலை, தகப்பன் அங்கே படித்தவரா, வீட்டுக்கும் பாடசாலைக்கும் எவ்வளவு தூரம் என்று எல்லாரும் கணக்குப் பார்ப்பார்கள். பேச்சுப் பிந்தி, ஓட்டிசம் என்று வைத்தியர் சொன்ன பிள்ளையை வைத்திருக்கிற என்னைப் போன்ற தாய்மாருக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. எடுப்பார்களா, மாட்டார்களா, அவ்வளவுதான்.

ஒரு பாடசாலையில் அதிபரின் அறையில் ஐந்து நிமிடம்கூட இருந்திருக்க மாட்டோம். மகன் கதிரையில் இராமல் அலுமாரிக் கதவைத் திறந்து மூடிக்கொண்டு நின்றான். "அம்மா, எங்களிட்ட இதுக்கேற்ற ரீச்சர் இல்லை, குறை நினையாதேங்கோ, வேற இடம் பாருங்கோவன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதை மறுக்கவில்லை. சரி, அதை எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். "இதுக்கெல்லாம் என்னத்துக்குக் கடிதம்" என்று சிரித்துக்கொண்டே வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

நான் எழுத வந்தது அந்தக் கடிதத்தைப் பற்றித்தான். எங்கள் பிள்ளைகளின் படிப்பில் நடப்பதெல்லாம் வாய்ப்பேச்சிலேயே நடக்கிறது. சேர்க்க முடியாது என்பதும் வாயால், சேர்த்துக்கொள்கிறோம் ஆனால் அம்மா வந்து வகுப்புக்கு வெளியில் இருக்கவேண்டும் என்பதும் வாயால், இந்தப் பிள்ளைக்கு இப்படிச் சொன்னால்தான் விளங்கும் என்று ஒரு நல்ல ஆசிரியர் கண்டுபிடிப்பதும் வாயோடேயே போகிறது. பிரஷர் குளிசை எடுக்கிற என்ர மாமியாருக்குக்கூட ஒரு கிளினிக் கொப்பி இருக்கிறது, எந்த வைத்தியர் மாறி வந்தாலும் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதைப்பார். ஒரு பிள்ளை எப்படிப் படிக்கும் என்பதற்கு அப்படி ஒரு பக்கம்கூட இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமை இருக்கிறது என்ற காரணத்துக்காகக் கல்வி நிறுவனமொன்றில் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில்தான் கட்டாயக் கல்வியின் வயதெல்லையும் 16 ஆனது. பிள்ளையை அனுப்பாவிட்டால் தாய் தகப்பனைக் கேட்பார்கள், பாடசாலை எடுக்காவிட்டால் யாரைக் கேட்பது? கேட்கப் போனாலும் கையில் என்ன இருக்கிறது? "அப்படி நான் சொல்லவேயில்லையே" என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும்.

பிறகு வேறொரு பாடசாலையில் இடம் கிடைத்தது, அங்கே முதல் வருடம் வாய்த்த ரீச்சர் தங்கமானவர். தண்டவாளத் துண்டில் அடிக்கிற மணிச் சத்தம் கேட்டால் மகன் மேசைக்குக் கீழே போய்விடுவான். அவர் மணி அடிக்கக் கொஞ்சம் முன்னமே "இப்ப மணி அடிக்கப் போகுது" என்று காதில் சொல்லிவிடுவார், அவன் தானே காதைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடர்வான். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் ஒரு எழுத்தும் எழுதமாட்டான், அதே சொல்லை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்தால் எழுதுவான். காலைப் பிரார்த்தனையில் வரிசையின் நடுவில் விடாமல் கடைசியில் விட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. இவ்வளவும் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு தவணை பிடித்தது. அடுத்த தை மாதம் இடமாற்றத்தில் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு ஒன்றும் தெரியாது, அவரில் பிழை சொல்லவும் ஏலாது, யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஒரு கிழமைக்குள் என்ர பிள்ளை "சொல்வழி கேளாத பெடியன்" ஆகிவிட்டான்.

என்ர தங்கச்சி கனடாவில், ரொறன்ரோ பக்கம் இருக்கிறாள், அவளின் மகனுக்கும் இதே மாதிரித்தான். அங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் பிள்ளையைச் சிறப்புக் கல்வியில் சேர்த்து 30 பாடசாலை நாட்களுக்குள் அந்தப் பிள்ளைக்கென்று ஒரு கல்வித் திட்டம் எழுதி, பெற்றோருக்குப் பிரதி கொடுக்கவேண்டும் என்பது விதி. அவள் போனில் அதை வாசித்துக் காட்டும்போது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது, சும்மா ஏன் மறைக்க. ஆனால் யோசித்துப் பார்த்தால், அங்கே இருக்கிற உதவி ஆசிரியரையும் தனி அறையையும் இங்கே நாளைக்கே கேட்க முடியாது, காசு வேண்டும், ஆள் வேண்டும். ஒரு தாள் எழுதுவதற்கு என்ன வேண்டும்?

விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பாக நடக்கிற விசேட கல்வி அலகுகள் சில அரச பாடசாலைகளில் இருக்கின்றன. கைதடியில் நவீல்ட் பாடசாலை இருக்கிறது, அது கேட்டல், பார்வைக் குறை உள்ள பிள்ளைகளுக்கு. கோண்டாவிலில் மனவளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான சிவபூமி பாடசாலை இருக்கிறது. அங்கேயெல்லாம் படித்துக் கரைசேர்ந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும், உடனே "அங்க கொண்டுபோய் விடுங்கோவன்" என்று ஒரு பெயரைச் சொல்கிறார்களே தவிர, இந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று யாரும் கேட்பதில்லை. அலகில் இருக்கிற பிள்ளை கணிதப் பாடத்துக்கு மட்டும் சாதாரண வகுப்புக்குப் போகலாமா, அடுத்த வருடம் முழுதாக மாறலாமா, அதை யார் தீர்மானிப்பது? இதற்கும் வாய்ப்பதில்தான், அதுவும் கேட்கிற ஆளைப் பொறுத்து மாறும்.

ஒரு வகுப்பில் முப்பது நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கிற ஆசிரியருக்கு இன்னொரு படிவமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. புலமைப்பரிசில் பெறுபேற்றுக்கு மதிலில் பனர் கட்டுகிற ஊரில், எங்கள் பிள்ளையின் முன்னேற்றத்தை யார் கணக்கில் எடுப்பார்கள் என்பதும் தெரியும். அதோடு எங்கள் பக்கமும் ஒரு தயக்கம் இருக்கிறது. எழுத்தில் வந்தால் பிள்ளைக்குப் பேர் விழுந்துவிடும், நாளைக்குத் தமக்கையின் கலியாணப் பேச்சில் அது வந்து நிற்கும் என்று கிளினிக் துண்டையே ஒளித்து வைக்கிற குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது, பேர் ஏற்கனவே விழுந்துவிட்டது, ரியூசன் வாசலில் நிற்கிற தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள். எழுதாமல் விட்டால் மிஞ்சுவது அந்தப் பேர் மட்டும்தான், பிள்ளைக்கு எது உதவும் என்பது எங்கேயும் இராது. பிறகு சாதாரண தரப் பரீட்சையில் மேலதிக நேரம் கேட்கப் போனால் பரீட்சைத் திணைக்களம் ஆவணம்தான் கேட்கும், அப்போது எங்கே போவது?

ஆகவே வலயக் கல்விப் பணிப்பாளர்களிடம் கேட்பது பெரிய விசயம் இல்லை. சேர்க்க மறுத்தால் காரணத்தை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதவேண்டும் என்றாலே பலர் மறுக்கமாட்டார்கள் என்பது என்ர கணிப்பு. சேர்த்த பிள்ளைக்கு ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் வகுப்பாசிரியர் ஒரு பக்கம் எழுதட்டும்: எதற்குப் பயப்படும், எப்படிச் சொன்னால் செய்யும், இப்போது என்ன தெரியும். ஒரு பிரதி தாயிடம், ஒன்று அடுத்த ஆசிரியரிடம்.

பெற்றோருக்கும் ஒன்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி வலய அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேட்கலாம், தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்லவேண்டும். எங்கள் வலயத்தில் எந்தெந்தப் பாடசாலையில் விசேட கல்வி அலகு இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆசிரியர் எத்தனை பேர், எத்தனை இடம் காலி என்று கேட்டு நான் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். அடுத்த தரம் 1 விண்ணப்பத்துக்கு முன்னர் அதைப் பட்டியலாகப் போட்டீர்களென்றால் நாலு பேருக்கு அலைச்சல் மிச்சம்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
யாழ்ப்பாணம்