அட்டையில் உறுப்பின் பெயரையும் எழுதுங்கள்

குமரி மாவட்டத்தில் காசநோய் சிகிச்சை அட்டை எழுதும் சுகாதாரப் பணியாளர்களுக்கு,

வணக்கம். என் மைனி மார்த்தாண்டம் பக்கம் ஓர் அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) பருப்புத் தோல் உரிக்கிறவர். போன வருடம் காய்ச்சல், மூச்சு இழுத்தால் விலாவில் குத்து. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். வைக்கோல் ஊறிய தண்ணீர் போல இளமஞ்சள். நீர் வடிந்தபின் எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம். சளியிலும் கிருமி இல்லை. ஆனால் அட்டையில் ‘நுரையீரல் காசநோய்’ என்று எழுதிவிட்டார்கள். மறுநாளே வேலையிடத்தில் பக்கத்து ஸ்டூல் காலி. வீட்டில் எங்கள் அம்மாவே டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார் (டம்ளரால் பரவுகிற நோயே இல்லை, அது வேறு கதை).

நீர் கோத்தது நுரையீரலுக்குள் அல்ல, அதைப் போர்த்திய சவ்வுகளுக்கு நடுவில். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, நுரையீரல் தப்பியிருந்தால் இது நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோய். நெஞ்சுக்குள் நெறி கட்டியிருந்தாலும் அப்படித்தான். குழம்புவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை: ஐசிடி-10 நோய்க் குறியீட்டில் இந்தச் சவ்வுக் காசநோய் சுவாச மண்டலக் கணக்கில் இருக்கிறது. தினை தினையாக உடம்பெங்கும் பரவும் மிலியரி வகையோ நுரையீரலிலும் இருப்பதால் நுரையீரல் கணக்கு. நுரையீரலிலும் வெளியிலுமாக இரண்டு இடத்திலும் இருந்தாலும் நுரையீரல் கணக்குதான்.

சரி, ‘நுரையீரல் அல்லாதது’ என்று மட்டும் எழுதினால் போதுமா? போதாது. கழுத்து நெறிக்கட்டிக்குப் பெரும்பாலும் 6 மாத மருந்து. முதுகெலும்புக்கும் மூளைச் சவ்வுக்கும் ஓராண்டு வரையோ அதற்கு மேலோ போகும். எங்கள் தெருவில் முதுகெலும்புக்கு மருந்து எடுத்த கடல்தொழிலாளி ஒருவர், ‘காசநோய்னா ஆறு மாசம்’ என்று யாரோ சொன்னதை நம்பி நிறுத்திவிட்டார். அவர் அட்டையில் முதுகெலும்பு என்ற சொல்லே இல்லை.

அதனால் கேட்பது இவ்வளவுதான்: வகைக்குக் கீழே உறுப்பின் பெயரையும் எத்தனை மாதம் என்பதையும் தமிழில் எழுதுங்கள். நிக்‌ஷய் என்ற அரசின் இணையக் காசநோய்ப் பதிவிலும் அதே உறுப்பு ஏறட்டும்.

மைனியின் அட்டையை அப்புறம் ஒரு நர்ஸம்மா திருத்திக் கொடுத்தார்: ‘நுரையீரல் உறை, நீர்க்கோவை, 6 மாதம்.’ அதைக் கொண்டுபோய் மேஸ்திரியிடம் காட்டித்தான் மைனி மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

இப்படிக்கு,
ஒரு நாத்தனார்