மூன்று கால் அமாபியேவை வரைந்தவருக்கு

அன்புள்ள ஓவியருக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. ஜப்பானில் எடோ (இன்றைய டோக்கியோ) தெருக்களில் கூவி விற்ற ஒற்றைத்தாள் செய்திகளை, அந்தக் கவராபான்களை, பெரும்பாலும் அரசாங்கத்தின் அனுமதி இல்லாமல்தான் அச்சிட்டார்கள். பெயர் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். அதனால்தான், 1846இல் அமாபியே என்ற விசித்திரக் கடல் பிறவியை நீங்கள் வரைந்த தாள் கியோத்தோ பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருந்தாலும், உங்களைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

அந்தத் தாளைக் கணினியில் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்திருக்கிறேன். உடம்போடு நீண்டு தொங்கும் கூந்தல், சாய்சதுரக் கண்கள், கிளி மூக்கு மாதிரி ஓர் அலகு, மேலெல்லாம் செதில். கீழே மூன்று நீட்டங்கள், கால் என்றும் சொல்லலாம், வால் என்றும் சொல்லலாம். சுற்றிலும் சில கோடுகளில் கடல். தவறாக நினைக்காதீர்கள், ஓவியமாகப் பார்த்தால் இது அவசரத்தில் கிறுக்கியது போலத்தான் இருக்கிறது. அதற்காகத்தான் உங்களுக்கு நன்றி சொல்ல வந்தேன்.

ஹிகோ என்ற ஜப்பானியப் பகுதியின் கடலில் இரவுதோறும் ஏதோ ஒளிர்கிறது என்று பார்க்கப் போன அதிகாரியிடம், அமாபியே தன் பெயரைச் சொன்னது. ஆறு வருஷம் விளைச்சல் நன்றாக இருக்கும், கூடவே நோயும் பரவும், சீக்கிரம் என்னை வரைந்து எல்லோருக்கும் காட்டு என்றது. கடலுக்குள் போய்விட்டது. இவ்வளவுதான் உங்கள் தாளில் உள்ள சேதி. படையல் கேட்கவில்லை, கோயில் கேட்கவில்லை. பார்த்தால் நோய் போய்விடும் என்ற வாக்குறுதிகூட அதில் இல்லை. எடோவுக்கு வந்த படத்தின் நகல் இது என்று தாளே சொல்கிறது. அதாவது, நீங்களும் பார்த்துப் போட்டவர்தான்.

உங்கள் காலத்தில் அம்மை கண்ட குழந்தைகளுக்கென்று சிவப்பு மையில் மட்டும் அச்சடித்த படங்கள் இருந்தன. பேயோட்டும் ஷோகி, வில்வீரன் தமெத்தோமோ, அப்புறம் தருமா. தருமா என்றால் போதிதர்மர். காஞ்சிபுரத்துக்காரர் என்று நாங்கள் உரிமை கொண்டாடுகிறவர். படுக்கைக்குப் பக்கத்தில் வைத்து, குழந்தை தேறியதும் எரித்துவிடுவார்கள், அல்லது ஆற்றில் விட்டுவிடுவார்கள். அவை தேர்ந்த கைகளின் வேலை. பார்த்து வியக்கலாம், எல்லோராலும் போட முடியாது.

உங்களுடையதை யாரும் போடலாம். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, மறைந்த ஓவியர் ஷிகேரு மிசுகி முன்பு வரைந்து வைத்திருந்த அமாபியேவை அவருடைய நிறுவனம் இணையத்தில் வெளியிட்டது. அதற்குக் கொஞ்சம் முன்பிருந்தே ஆட்கள் வரையத் தொடங்கியிருந்தார்கள். ஓவியர்கள் வரைந்தார்கள், பென்சிலையே தொடாதவர்களும் வரைந்தார்கள். பின்னினார்கள், மண்ணில் பிடித்தார்கள், மிட்டாயாகச் செய்தார்கள். ஏப்ரலில் ஜப்பான் சுகாதார அமைச்சகமே தன் விழிப்புணர்வுப் படத்தில் அதைப் போட்டது. ஒரு பெரிய விளம்பர நிறுவனம் அந்தப் பெயரை வணிகக் குறியாகப் பதிய விண்ணப்பித்து, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. நீங்கள் பெயர் போடாமல் விட்டுப்போனதை இன்னொருவர் தன் பெயரில் எழுதிக்கொள்ள ஜனங்கள் விடவில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 2021 மே மாதம் அப்பாவுக்குத் தொற்று வந்து மாடி அறையில் தனியாக இருந்தார். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நான்காவது படிக்கும் என் மகள் கைப்பேசியில் உங்கள் படத்தைப் பார்த்து, ஒரு சார்ட் பேப்பரில் அமாபியேவை வரைந்து அறையின் கண்ணாடி ஜன்னலில், படம் உள்பக்கம் தெரிகிற மாதிரி ஒட்டினாள். கண்ணுக்கு மை, கூந்தலில் மல்லிகைச் சரம். மூன்று காலிலும் கொலுசு.

அப்பா இரண்டு நாளாக யாரிடமும் பேசாமல் இருந்தவர். அன்று சாயந்திரம் போன் செய்து, "என்னம்மா இது, மூணு காலு?" என்றார். அவள் கடல், வெளிச்சம், விளைச்சல் எல்லாம் சொன்னாள். மறுநாள், "இது என்னம்மா சாப்பிடும்?" அதற்கு மறுநாள், "நீந்தும்போது கொலுசு சத்தம் கேட்குமா?" ஒவ்வொரு கேள்விக்கும் அவள் ஒரு நாள் முழுக்க யோசித்துப் பதில் தயார் செய்தாள். அவரைத் தேற்றியது மருந்தும், தினமும் ஆக்சிஜன் அளவைக் கேட்டு வழி சொன்ன டாக்டரும்தான். ஆனால் அந்தப் பதினைந்து நாளும் சாயந்திரம் ஆறு மணிக்கு அவர் போனுக்காக வீடே காத்திருந்ததே, அது உங்களால்.

படம் இன்னும் அந்த ஜன்னலில்தான் இருக்கிறது. வெயிலில் நிறம் வெளுத்துவிட்டது, செல்லோடேப் உரிந்து ஒரு காலின் நுனி கிழிந்திருக்கிறது. கழற்றலாமா என்று கேட்டால் அப்பா வேண்டாம் என்கிறார்.

கீழே வலது மூலையில் அவள் தன் பெயரையும் வகுப்பையும் பிரிவையும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாள். அதற்கு மேலே, "பார்த்து வரைந்தது" என்று.

அன்புடன்,
அவளுடைய அம்மா