குழலை அளக்கிற சட்டம்

குடியாத்தம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே மல்லாட்டை பிடுங்கும் வேலை முடியப்போகிறது. பன்றி தின்றது போக மிச்சம்தான் களத்துக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து நீ துப்பாக்கி பற்றிக் கேட்டிருக்கிறாய், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் அமெரிக்க மாநிலமான இல்லினாய்ஸில் 2023 ஜனவரியில் .50, அதாவது அரை அங்குலக் குழல் ரைஃபிளைத் தடை செய்தது சரிதான், வேட்டைக்குப் பெரிய குழல் எதற்கு என்று கேட்டாய். முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பாதியில் எனக்குச் சண்டை இருக்கிறது.

அந்த ரைஃபிளில் போடும் .50 பி.எம்.ஜி. வேட்டைக்காகப் பிறந்த தோட்டா இல்லை. முதல் உலகப் போரின் கடைசியில் இயந்திரத் துப்பாக்கிக்காக ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் உருவாக்கியது. குண்டு மட்டும் 42 கிராமுக்கு மேல். குழலை விட்டுக் கிளம்பும்போது விநாடிக்கு 890 மீட்டர் வேகம், 17,000 ஜூல் அளவுக்குச் சக்தி. மானுக்குப் போதும் போதும் என்று எல்லோரும் சொல்கிற .30-06 தோட்டாவில் 4,000 ஜூல். ஆப்பிரிக்காவில் யானை, காட்டெருமைக்குக் குறைந்தபட்சம் என்று பல நாடுகளில் வைத்திருக்கிற .375 எச் அண்ட் எச்சில் 5,800. .50 போடும் பேரட் மாதிரி ரைஃபிள் 13, 14 கிலோ வரும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டில் நடக்க முடியாது. இரண்டு கால் ஊன்றிப் படுத்துக்கொண்டுதான் சுட வேண்டும். ஆக அதை வேட்டைக்கு எடுப்பவன் ஒரே காரணத்துக்காகத்தான் எடுப்பான்: தூரம்.

அந்தத் தூரம்தான் வேட்டைக்கு ஆகாதது. 1,000 மீட்டர் போக அந்தக் குண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை விநாடி. மேய்ந்துகொண்டு மெதுவாக நடக்கும் மான்கூட அதற்குள் ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றிலோ தொடையிலோ படும். அடிபட்டது எந்தப் புதரில் நுழைந்தது என்று அங்கே நடந்து போய்ப் பார்க்கவே கால் மணி நேரம். எவ்வளவு பெரிய குண்டாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. எந்த வேட்டைக்காரன் வந்து .50 எனக்கு வேண்டும் என்றாலும் என் பதில் இதுதான்.

ஆனால் இதிலிருந்து ‘பெரிய குழல் ஆபத்து’ என்று நீ தாவிவிட்டாய். உங்கள் மாநிலத்திலேயே அதே ஜனவரியில் இன்னொரு விதி வந்ததே, கவனித்தாயா? மான் வேட்டைக்கு ரைஃபிளை அனுமதித்தார்கள். ஒரு தோட்டா மட்டும் போடக்கூடியதாக இருக்க வேண்டும். குழல் .30க்குக் குறையக் கூடாது. பித்தளைக் கூடு கழுத்து ஒடுங்காமல் நேராக இருக்க வேண்டும், ஒடுங்கியதென்றால் கூட்டின் நீளம் 1.4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இதைப் படித்தபோது எழுதியவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கழுத்து ஒடுங்கிய நீளக் கூட்டில் வெடிமருந்து நிறையப் பிடிக்கும், சின்னக் குண்டு பறக்கும். நேர்க் கூட்டில் கனத்த குண்டு மெதுவாகப் போகும், சீக்கிரம் தரையிறங்கும். .45-70 என்பது 1873இல் வந்த தோட்டா, குழல் 11.6 மில்லிமீட்டர். அதன் பழைய 405 கிரெயின் (26 கிராம்) குண்டை 100 கஜத்துக்குக் குறி சரிசெய்து சுட்டால் 200 கஜத்தில் ஏறக்குறைய இரண்டடி கீழே இறங்கிவிடும். சின்னக் குழல் .243 அதே கணக்கில் மூன்று நான்கு அங்குலம்தான் இறங்கும். சோளக்கொல்லையும் வீடும் மாறி மாறி வரும் சமவெளியில் எது பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஆபத்து? பெரிய குழலைத்தான் அங்கே பாதுகாப்புக்காக அனுமதித்திருக்கிறார்கள்.

குழல் விட்டத்தை வைத்துத் தடை போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய பாடம் இருக்கிறது. 1907இல் ஆங்கில அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 வேட்டை ரைஃபிள்களைத் தடுத்தது. கலகக்காரர்கள் கையில் இருந்த பழைய ராணுவ ரைஃபிளான மார்ட்டினி-ஹென்றிக்கு அதன் குண்டு போய்ச் சேரக் கூடாது என்பது காரணம். லண்டன் கம்பெனிகள் என்ன செய்தன? .465, .470, .475, .476 என்று வரிசையாகப் புதுத் தோட்டாக்களை இறக்கின. .450க்கும் .470க்கும் குண்டின் விட்டத்தில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூட இல்லை. சக்தியில் .470 ஒரு பிடி அதிகம். இன்றைக்கும் அதற்கு ரைஃபிள் செய்கிறார்கள். நம்மூர் .315 ரைஃபிளும் அதே வழியில் வந்ததுதான். ராணுவத்தின் .303 ஜனங்களுக்குக் கிடையாது என்றதால் அதைவிடப் பெரிய குழல் உள்ள .315 லைசென்ஸ்காரர்கள் கைக்கு வந்தது. இங்கே தடை, ராணுவத்தோடு பொருந்தும் தோட்டாவுக்குத்தான், அளவுக்கு இல்லை.

கலிஃபோர்னியா நூறு வருஷம் கழித்து அதே குழியில் விழுந்தது. 2005 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்த சட்டம் .50 பி.எம்.ஜி. தோட்டாவை அங்குலக் கணக்கில் விவரித்தது: மொத்த நீளம் 5.54, குண்டின் விட்டம் .510 முதல் .511, கூட்டின் அடி .800 முதல் .804, கூட்டின் நீளம் 3.91. அளவு கையில் கிடைத்தால் லேத் ஓட்டத் தெரிந்தவனுக்கு வேலை சுலபம். கூட்டைச் சற்றே குட்டையாக்கி .510 டி.டி.சி. வந்தது. கழுத்தைச் சுருக்கி .416 பேரட் வந்தது, அது தூரத்தில் இன்னும் சுத்தமாகப் பறக்கிறது.

கனடா 2020 மே மாதத்தில் விட்டத்தோடு நிற்காமல் சக்தியையும் அளந்தது. 10,000 ஜூலுக்கு மேல் போகக்கூடாது, குழல் 20 மில்லிமீட்டரை எட்டக்கூடாது. இது மேல். ஆனாலும் முள் இருக்கிறது. .460 வெதர்பி என்ற வேட்டைத் தோட்டாவில் 500 கிரெயின் குண்டு விநாடிக்கு 2,600 அடி வேகத்தில் போனால் ஏறக்குறைய 10,170 ஜூல் வருகிறது. அதே துப்பாக்கியில் மருந்தைக் கொஞ்சம் குறைத்தால் கோட்டுக்கு உள்ளே. ஜூல் என்பது தோட்டாவின் கணக்கு, சட்டம் பிடிப்பதோ துப்பாக்கியை. அங்கே 12 போர் ரவைத் துப்பாக்கி வைத்திருந்தவர்களும் பயந்தார்கள். அதன் குழல் 18.5 மில்லிமீட்டர்தான், ஆனால் முனையில் ரவை பரவாமல் ஒடுக்கும் சோக் என்ற குழாயைக் கழற்றி அந்த இடத்தை அளந்தால் 20ஐத் தொடுமோ என்று. எங்கே வைத்து அளப்பது என்று எழுதாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து விதி. பெரிய மிருக வேட்டைக்கு எடுத்துப்போகும் துப்பாக்கி, தொலைநோக்கி, வார் எல்லாம் சேர்த்து 16 பவுண்டைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் ஏழேகால் கிலோ. தராசில் வைத்தால் முடிந்தது. யாரும் அதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், காட்டுக்குள் கொண்டுபோக முடியாது. லேசான .50 செய்தால் தோள்பட்டை போய்விடும், அதனால் புதுத் தோட்டா செய்து தப்பிக்கிற வழியும் ஒடுங்குகிறது. மக்கள் கூட்டத்தையும் விமானத்தையும் பாதுகாக்கத்தான் .50 தடை என்றால், அதை அந்தப் பெயரிலேயே கொண்டுவரட்டும். அதற்கு நானும் ஆதரவு. வேட்டையை இரண்டு பக்கமும் கேடயமாகப் பிடிப்பதுதான் எனக்கு ஆகவில்லை.

தூரத்தைப் பற்றி ஒன்று. .50 குண்டு வேலூர்க் கோட்டையிலிருந்து உயரத் தூக்கிச் சுட்டால் காட்பாடி ஜங்ஷன் வரை போகும். சாதாரண .30-06ம் பாலாற்றைத் தாண்டித்தான் விழும். ஆகவே குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

இது நமக்கு இப்போது வெறும் பேச்சு இல்லை. 2025 ஜனவரியில் நம் அரசு காட்டுப்பன்றிக்கு எல்லை வகுத்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் தொடக் கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3க்கு மேல் வனத்துறை ஆட்கள் சுடலாம். நம் கொல்லைகளில் சுடுகிறவர்கள் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். நான்கு மீட்டர் உயரப் பரணிலிருந்து 40 மீட்டர் தள்ளி நிற்கும் பன்றியைச் சுட்டால் குண்டு தரையைத் தொடும் சாய்வு ஆறு டிகிரிகூட இல்லை. மண்ணில் பாறை முகடு எட்டிப்பார்க்கிற நம் பக்கத்துக் கொல்லையில் அது தெறித்து அடுத்த குடிசைக்குப் போகும். தீனியைப் பரணிலிருந்து 15 மீட்டரில் கொட்டினால் சாய்வு 15 டிகிரி, மண் குண்டை வாங்கிக்கொள்ளும். ரவைத் தோட்டா வேண்டாம். முற்றிய ஆண் பன்றியின் தோளில் கெட்டியான தோல் கவசம் மாதிரி இருக்கும், 40 மீட்டரில் ரவை அதில் தங்கிவிடும். அடிபட்ட பன்றி காலையில் களைபறிக்க வரும் பெண்கள் மேல் பாயும். முழுக்கச் செம்புறை போட்ட ராணுவக் குண்டும் வேண்டாம், ஊடுருவிப் போய்ப் பின்னால் நிற்பதையும் துளைக்கும். மூக்கில் ஈயம் தெரியும் குண்டு உள்ளே விரிந்து அங்கேயே நிற்க வாய்ப்பு அதிகம். பன்றிக்கு இதயம் கீழே, முன்னங்காலுக்கு நடுவே. மான் மாதிரி நினைத்து மேலே குறி வைத்தால் தப்பிவிடும். இதில் எங்கேயும் குழலின் அளவு வரவில்லை, பார்த்தாயா?

உங்கள் மாநிலத்து வேட்டை விதிப் புத்தகம் அச்சில் கிடைத்தால் ஒரு பிரதி அனுப்பு. நேர்க் கூடு, ஒடுங்கிய கூடு இரண்டுக்கும் படம் இருந்தால் இன்னும் நல்லது. பேரணாம்பட்டுப் பக்கம் இதைப் பற்றிப் பேச இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், படத்தை வைத்தால் பத்து நிமிஷத்தில் புரியவைத்துவிடலாம். பொங்கலுக்கு வருகிறாய் என்றால் கையோடே கொண்டுவா. புது மல்லாட்டை வறுத்து வைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஏகாம்பரம்