பதினெட்டாம் பிறந்தநாளும் வட்டிக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகள் பேரில் எஃப்.டி. போட்டு வைக்காத நடுத்தரக் குடும்பம் நம் ஊரில் குறைவு. காதுகுத்து மொய், தாத்தா பாட்டி கொடுத்தது எல்லாம் அதில்தான் போய்ச் சேருகிறது. அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு முடிகிற ஆண்டில் வட்டியை யார் கணக்கில் காட்டுவது என்பதில்தான் வருமான வரி ரிட்டர்ன் நேரத்தில் தடுமாற்றம். சிலர் முழு ஆண்டு வட்டியையும் அப்பா கணக்கில் சேர்க்கிறார்கள். சிலர் "பையன் மேஜர் ஆகிவிட்டானே" என்று ஏப்ரலிலிருந்தே அவன் தலையில் கட்டுகிறார்கள். இரண்டுமே தவறு.

2025-26 நிதியாண்டுக் கணக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ்தான் வரும். அதன் 64(1ஏ) பிரிவுப்படி, மைனர் பிள்ளையின் வருமானம், பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். பெற்றோரின் திருமண உறவு முறிந்திருந்தால், பிள்ளையைப் பராமரிப்பவர் கணக்கில் சேரும். ஒருமுறை அப்பா கணக்கில் சேர்த்துவிட்டு, அடுத்த ஆண்டு அம்மா சம்பளம் கூடியதும் நாமாக மாற்றிக்கொள்ள முடியாது. பிள்ளை தன் உழைப்பாலோ திறமையாலோ சம்பாதித்தது பெற்றோர் கணக்குக்கு வராது. பாட்டுப் போட்டியில் வென்ற பரிசு பிள்ளையுடையது. அந்தப் பரிசை எஃப்.டி.யில் போட்டு வரும் வட்டி மட்டும் பெற்றோருக்குத் திரும்பி வந்துவிடும். சட்டம் வரையறுத்த அளவுக்கு ஊனமுள்ள பிள்ளையின் வருமானத்துக்கும் இந்தச் சேர்ப்பு கிடையாது.

மகளுக்கு அக்டோபர் 10ஆம் தேதி பதினெட்டு முடிகிறது, ஆண்டு வட்டி 35,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1875ஆம் ஆண்டு மேஜாரிட்டி சட்டப்படி பிறந்தநாள் தொடங்கும்போதே மேஜர். ஆகவே ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 9 வரை 192 நாள் வட்டியான 18,411 ரூபாய் பெற்றோருக்கு; மீதி 173 நாள் வட்டி 16,589 ரூபாய் மகளுக்கு. அப்பா பழைய வரி முறையில் 30 சதவீத ஸ்லாபில் இருந்தால், பிள்ளைக்கு 1,500 ரூபாய் வீதம் உள்ள விலக்கைக் கழித்து 16,911 ரூபாய்க்கு வரி கட்டினால் போதும். முழு வட்டியையும் தன் கணக்கில் போட்டால் செஸ் என்ற கூடுதல் வரியோடு 5,176 ரூபாய் வீணாகக் கட்டுவார். புதிய முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு அந்த 1,500 கிடையாது. பழக்கதோஷத்தில் அதைக் கழித்துவிடுகிறவர்கள் உண்டு.

சிக்கல் வங்கியில் தொடங்குகிறது. கணக்கில் கார்டியனின் பான் எண்தான் இருக்கும். பிறந்தநாள் போன பிறகும் அதை மாற்றாவிட்டால், மகளின் வட்டியும் அப்பாவின் ஏ.ஐ.எஸ். அறிக்கையில் (அவர் பான் எண்ணில் வந்த வருமானத்தை வரித்துறை தொகுத்துக் காட்டுவது) ஏறிக்கொண்டே இருக்கும். அப்படி ஏறிவிட்டால், வருமான வரி இணையதளத்தில் அந்தப் பதிவுக்கு எதிரே, இந்தத் தகவல் வேறொரு பான் எண்ணைச் சேர்ந்தது என்று பதில் தர வேண்டும். மைனர் பானிலேயே வங்கி வட்டியிலிருந்து டி.டி.எஸ். என்னும் வரியைப் பிடித்திருந்தால் (ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் பிடிப்பார்கள்) தலைவலி வேறு விதம். அந்தத் தொகையைப் பெற்றோர் தன் வரியில் கழிக்க ஐ.டி.ஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவம் உதவாது. ஐ.டி.ஆர்-2 போட்டு, டி.டி.எஸ். அட்டவணையில் பிள்ளையின் பான் எண்ணைக் குறிக்க வேண்டும். இந்த வருமானம் இன்னார் கணக்கில் வரும் என்று முன்கூட்டியே வங்கியில் எழுதிக் கொடுத்திருந்தால் இந்தச் சுற்று மிச்சம்.

மைனர் பான் கார்டில் படமும் கையெழுத்தும் இருக்காது. பதினெட்டு முடிந்ததும் திருத்த விண்ணப்பம் கொடுத்து அவற்றைச் சேர்க்க வேண்டும். எண் மாறாது, புதிதாக இன்னொரு பான் வாங்கிவிடக் கூடாது. அதன்பின் வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழியை (15ஜி என்று நாம் சொல்லி வந்தது) பிள்ளையே கொடுக்கலாம். அதற்கு முன் மைனர் பேரில் அதைக் கொடுப்பது, அப்பா வரி கட்டுபவராக இருந்தால், பொய்ச் சான்று.

மியூச்சுவல் ஃபண்டில்தான் பெரிய தொகை மாட்டிக்கொள்கிறது. பதினெட்டு முடிந்த நாளிலிருந்து, பிள்ளையின் கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு), வங்கி சான்றளித்த கையெழுத்து, மேஜர் ஆனதற்கான படிவம் ஆகியவை போய்ச் சேரும்வரை அந்த ஃபோலியோவில் (ஃபண்ட் கணக்கில்) எதுவும் செய்ய முடியாது, மாதாமாதம் கட்டும் எஸ்.ஐ.பி.யும் நின்றுவிடும். கல்லூரிக் கட்டணம் நெருங்குகிறதே என்று பயந்து பிறந்தநாளுக்கு முன்பே விற்பவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. பங்குச் சந்தை ஃபண்டில் நீண்டகால லாபம் 5 லட்சம் ரூபாய் என்றால், முன்பே விற்றால் அது அப்பா கணக்கு. வரி இல்லாத 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீதம், செஸ்ஸோடு 48,750 ரூபாய். அதுவும் அப்பாவுக்கு வேறு பங்கு லாபம் இல்லாதிருந்தால்தான். பிறந்தநாளுக்குப் பிறகு விற்றால், இந்தியாவில் வசிக்கும், வேறு வருமானம் இல்லாத பிள்ளைக்குப் புதிய முறையின் 4 லட்சம் அடிப்படை விலக்கும் அந்த 1.25 லட்சமும் சேர்ந்து வரியே வராது. வருமானம் 4 லட்சத்தைத் தாண்டுவதால் ரிட்டர்ன் மட்டும் கட்டாயம். கட்டணத் தேதி இடம் கொடுத்தால், தாள்களைத் தயாராக வைத்துக்கொண்டு சில வாரம் காத்திருப்பதே லாபம்.

மேஜரான பிள்ளைக்குப் பெற்றோர் கொடுக்கும் அன்பளிப்புக்கு வரி இல்லை. அதில் வரும் வருமானமும் பெற்றோரிடம் திரும்பாது. மருமகளுக்குக் கொடுத்தால் திரும்பும். இந்த வித்தியாசம் தெரியாமல் மகனை விட்டுவிட்டு மருமகள் பேரில் டெபாசிட் போடுகிறார்கள். எப்படிக் கொடுத்தாலும் வங்கி வழியாகவே கொடுங்கள். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவது, அப்பாவிடமிருந்தே ஆனாலும், சட்டப்படி குற்றம். அதே அளவு அபராதம் வரலாம்.

எல்லாவற்றுக்கும் பதினெட்டுதான் எல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பழைய முறையில் கல்விக் கட்டணக் கழிவுக்கு வயது வரம்பே கிடையாது. இரண்டு பிள்ளைகள், இந்தியாவில் முழுநேரப் படிப்பு என்பதே நிபந்தனை. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கோ பிள்ளை உங்களைச் சார்ந்திருப்பதுதான் கணக்கு. அவன் வேலைக்குப் போய்விட்டால் அவனுக்காகக் கட்டும் பிரீமியத்தை நீங்கள் கழிக்க முடியாது. அவன் உங்களுக்காகக் கட்டினால் அவன் கழிக்கலாம்: 25,000 வரை, நீங்கள் மூத்த குடிமக்களானால் 50,000 வரை. கல்விக் கடன் வட்டியைக் கடன் பத்திரத்தில் பெயர் உள்ளவர், தன் வருமானத்திலிருந்து கட்டினால்தான் கழிக்கலாம்.

மைனர் மேஜராகும்போது செய்ய வேண்டியதை முன்கூட்டியே வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கும்படி ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரல் சுற்றறிக்கையில் வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. வங்கிகள் அப்படி அனுப்பும் கடிதத்திலேயே பான் எண்ணை மாற்றச் சொல்லி ஒரு வரி சேர்க்கட்டும். அந்த ஆண்டுக்கான வட்டிச் சான்றிதழைப் பிறந்தநாளுக்கு முன், பின் என இரண்டு தொகையாகப் பிரித்தும் கொடுக்கட்டும். பிறந்த தேதி அவர்கள் கணினியிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
வரி ஆலோசகர் ஒருவர்,
கரூர்.